சனிக்கிழமைத் தண்ணீர்

சங்க மலருக்கு எழுதச் சொல்லி வந்த தம்பிகள் தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ‘துர்நாற்றத்தில் ஒரு தியாக வாழ்க்கை’ என்று. அதை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. வேலை செய்தேன். இருபத்தெட்டு வருஷம், கழிவுநீர் பம்ப் ஹவுஸில். அதைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுகிறேன். அழச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிறந்த ஊரான போலகத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இதை எழுத மூன்று வாரம் ஆனது. பிழை இருந்தால் சங்கத்தில் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பம்ப் ஹவுஸ் என்றால் என்னவென்று நிறையப் பேருக்குத் தெரியாது. நீங்கள் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், கக்கூஸில் ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் தெருவுக்கு அடியில் குழாய் வழியே சரிந்து வந்து ஒரு பெரிய கிணற்றில் விழும். கிணற்று வாயில் கம்பிச் சல்லடை இருக்கும். சல்லடையில் மாட்டுகிற துணி, பிளாஸ்டிக், தலைமயிர் எல்லாவற்றையும் வாரியால் இழுத்துப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எங்களிடம் மூன்று மோட்டார். ஒன்று ஓடும், ஒன்று மாற்றுக்கு, ஒன்று ஆபத்துக்கு. கிணற்றுச் சுவரில் நானூறு சென்டிமீட்டர் வரைக்கும் எண் எழுதிய அளவுகோல் உண்டு. முந்நூற்றைம்பதில் சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் தண்ணீர் பக்கத்துக் குழாயில் புகுந்து நேராக வாய்க்காலுக்குப் போய்விடும். அந்த வாய்க்கால் நான் வாழ்க்கைப்பட்ட ஊரின் வழியாகப் போகிறது. எங்கள் நடவு வயலுக்கும் அதுதான் தண்ணீர், எங்கள் மாட்டுக்கும் அதுதான்.

முதலில் என்னைச் சேர்த்தது கூட்டிப் பெருக்கவும் சல்லடை வாரவும்தான். அளவு பார்த்து எழுதுகிற ஆள் ஒருவர் நெடுநாள் விடுப்பில் போக, எண் தெரிந்தவள் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படி வந்தது அந்த வேலை. மணிக்கு ஒருமுறை கிணற்றில் எட்டிப் பார்க்க வேண்டும், கோலில் உள்ள எண்ணை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கட்டத்தில் எழுத எனக்கு எண் போதும். எழுத்து தேவைப்பட்ட இடத்தில் நானே ஒரு வழி செய்துகொண்டேன். எண்ணெய் மிதந்தால் ஒரு வட்டம். சல்லடையில் துணி அடைத்தால் ஒரு குறுக்குக் கோடு. தண்ணீர் சிவப்பைத் தாண்டி வாய்க்காலுக்குப் போனால் அந்தக் கட்டம் முழுவதையும் மையால் கறுப்பாக அடைத்துவிடுவேன்.

இந்த வேலைக்குப் போனதற்காக என் நாத்தனார் மகள் சடங்கில் ஒரு பெண், “அண்ணி, நீங்க பந்தியில குழம்பு ஊத்த வேணாம், உக்காருங்க” என்றாள். எனக்குப் புரியாதா? “நீங்க அனுப்புறதத்தான் தாயி நான் ஏத்தி விடுறேன். நீங்க அனுப்பாம இருங்க, நானும் சும்மா இருக்கேன்” என்றேன். பந்தியில் ஒருவருக்குப் புரையேறியது. குழம்பையும் நான்தான் ஊற்றினேன்.

எனக்கு மேலே இருந்தவர் உதவிப் பொறியாளர் ராஜமாணிக்கம். ஏ.இ. ஐயா என்போம். அவர் ரெஜிஸ்டரை முதலில் பார்க்க மாட்டார். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் துணியால் தைத்த கைக்குட்டையில் துடைத்து மாட்டிக்கொள்வார். கைப்பிடிக் கம்பியில் இடது கையை ஊன்றி, டார்ச் அடித்து, கோலைப் பார்ப்பார். பார்த்த எண்ணைச் சொல்ல மாட்டார். “நீ சொல்லு அஞ்சம்மா” என்பார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் “ம்” என்று சொல்லிப் பேனா மூடியைத் திருகிக் கையெழுத்துப் போடுவார். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றாலும் “மறுபடி பாரு.” இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘நல்லது’ என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் ஒரு மழைநாளில் நான் ஒரு தப்புச் செய்தேன். எட்டிப் பார்க்கச் சோம்பல் பட்டு, முந்தின மணி எழுதிய எண்ணையே திரும்ப எழுதினேன். எல்லோரும் செய்கிறதுதான். அவர் வந்தார். இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டார்.

“மழை பெய்யுது. மோட்டார் ஒண்ணுதான் ஓடுது. தண்ணி மட்டும் ஒரு மணி நேரம் அசையாம நின்னுச்சா?”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“தெரியலன்னா காலியா விடு. காலிக் கட்டம் பொய் சொல்லாது.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றைக்குப் பிறகு பார்க்காத எண்ணை நான் எழுதியதே இல்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களின் கட்டங்கள் இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

பார்த்துப் பார்த்துத் தண்ணீர் எனக்குப் பழகிவிட்டது. ஊர் என்ன செய்கிறது என்று கிணற்றைப் பார்த்தே சொல்வேன். போகிக்கு முந்தின வாரம் சுண்ணாம்பு கலந்து வெள்ளையாக வரும். வெள்ளிக்கிழமை பெண்கள் தலைக்குக் குளிக்கிற நாள், ஏழு மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். நோன்பு மாதத்தில் நான் காலை ஆறு மணி முறைக்கு வரும்போதே ஒருமுறை ஏறி இறங்கிய ஈரம் கோலில் இருக்கும். விடியுமுன் சாப்பிடச் சஹருக்கு எழுந்த வீடுகளின் தண்ணீர் அது.

இதெல்லாம் சிறிசு. பெரிசு சனிக்கிழமை. எங்கள் கிணற்றுக்குத் திருநள்ளாற்றுப் பக்கத்துக் குழாயும் வந்து சேரும். சனிக்கிழமை எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது. தலையில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியைக் கழற்றி விட்டுவிட்டு, புதுத்துணி உடுத்திக்கொண்டு போவார்கள். சனியை விட்டுவிட்டுப் போகிறார்களாம். விட்டது எங்கே போகும்? லாட்ஜ் குளியலறை, கழிப்பறை, குழாய், கடைசியில் என் சல்லடை. வேட்டி, துண்டு, சட்டை, சின்னப் பிள்ளைகளின் டவுசர். காலை எட்டு மணிக்குக் கிணற்றுக்கு மேலே எண்ணெய் தோசைக்கல்லில் பரவுவது போலப் பரவி மிதக்கும். மூன்று மோட்டாரும் ஓடும், அப்படியும் தண்ணீர் ஏறும். சனிக்கிழமைப் பக்கங்களில் கறுப்புக் கட்டம் இல்லாத பக்கம் குறைவு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெருத்துக்கொண்டே போனது. கோட்டுச்சேரிப் பக்கமெல்லாம் மனைப்பிரிவு, மாடிவீடு. பழைய சுத்திகரிப்பு நிலையம் பத்தாது, புதிதாகப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவானது. எவ்வளவு பெரிது? அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வெளியூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குழாயில் ஒரு கருவியை மாட்டி, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அளந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் மரியாதையாகக் குடித்தார்கள். நல்ல பையன்கள்தான். திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள்.

“நாளைக்கு அளக்கலியா தம்பி?” என்றேன்.

“சனி ஞாயிறு லீவும்மா. அஞ்சு நாள் போதும்.”

சனி பகவான் ஊரில் வந்து சனிக்கிழமையை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தலைமை ஆபீஸில் கூட்டம். ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வா என்று என்னையும் அழைத்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். முப்பது வருஷம் கழித்து ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர், அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வரும், அளந்து பார்த்ததும் ஒத்துப்போகிறது, ஆகவே நிலையம் இவ்வளவு பெரிது. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நிலையம் அப்படியே எழும்பினால் முப்பது வருஷத்துக்குச் சனிக்கிழமை தோறும் எங்கள் வாய்க்கால்தான் சுத்திகரிப்பு நிலையம் என்று எனக்குத் தெரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

“ஐயா, இதுல சனிக்கிழமை இல்லீங்களே.”

மேசைத் தலைமாட்டில் இருந்த பெரிய இன்ஜினீயர் திரும்பிப் பார்த்தார். “யாரும்மா நீ?”

“அளவு பாக்குறவ சார்.”

“எத்தனாவது படிச்சிருக்கே?”

“மூணாவது.”

“அதான்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“மூணாவதுல நூறு வரைக்கும் எண்ணச் சொல்லிக் குடுத்தாங்க சார். கோலு நானூறு வரைக்கும் இருக்கு. மீதி முந்நூறை நானே கத்துக்கிட்டேன்.”

இப்போது சிரித்தவர்கள் வேறு இரண்டு பேர். ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். “இது என்ன, மை கொட்டி வச்சிருக்கே?”

“அது மை இல்லீங்க. வாய்க்காலுக்குப் போன தண்ணி.”

அவர் மேலும் புரட்டினார். முகம் மாறவில்லை, ஆனால் விரல் நின்றது. “எல்லாப் பக்கத்துலயும் ஏ.இ. கையெழுத்து இருக்கு. சனிக்கிழமைப் பக்கத்துல மட்டும் ஒண்ணுலகூட இல்லியே. ராஜமாணிக்கம், நீங்க பாத்தீங்களா இதை?”

ஐயா எழுந்து நின்றார். “இல்ல சார். எனக்கு வார விடுமுறை ஞாயிறு இல்ல, சனிக்கிழமை. நான் பாக்கல.”

“அப்ப இது ஒரு அம்மா தன் இஷ்டத்துக்கு எழுதுனது” என்று ரெஜிஸ்டரை மூடினார். “ஒரு மாசத்துல மதிப்பீடு மேல போகணும். அடுத்த விஷயத்துக்கு வாங்க.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பெரிய இன்ஜினீயர் மேல் இல்லை. அவர் என்னை அன்றைக்குத்தான் பார்க்கிறார். வராந்தாவில் ஐயாவை மறித்துக்கொண்டேன்.

“எத்தனை வருஷம் என் அளவைப் பாத்திருக்கீங்க. அந்த மழைநாளுக்கு அப்புறம் ஒரு சென்டி தப்பா சொல்லியிருக்கேனா? ‘இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலியா?”

“வரல.”

“நம்பிக்கை இல்ல?”

“நம்பிக்கைக்குக் கையெழுத்துப் போடுற ரெஜிஸ்டர் இல்ல அது. பாத்ததுக்குப் போடுறது. நீயும் அப்படித்தானே எழுதுறே?”

அது நியாயம்தான். நியாயம் என்பதால் இன்னும் கோபம் வந்தது. “அப்ப சனிக்கிழமை வந்து பாருங்க” என்றேன். “சனிக்கிழமை தண்ணி லீவு எடுக்கல. நான் எடுக்கல. நீங்க ஒருத்தர்தான் எடுக்குறீங்க.”

ஒரு உதவிப் பொறியாளரிடம் சல்லடை வாருகிறவள் பேசுகிற பேச்சா அது? இல்லைதான். இப்போதும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறக்கப் போனால் ஸ்கூட்டர் வெளியே நிற்கிறது.

ஆறு மணிக்கு இருநூற்றுப் பத்து. அவர் பார்த்தார், நான் சொன்னேன், “ம்.” ஏழு மணிக்கு இருநூற்று எண்பது, இரண்டாவது மோட்டாரைப் போட்டோம். எண்ணெய் வர ஆரம்பித்தது. அவர் மூக்கைச் சுருக்கி, “நல்லெண்ணெயா?” என்றார். “ஆமாங்க. ஒரு ஊரு தலைமுழுகுற எண்ணெய்” என்றேன். ஏழரைக்கு மூன்றாவது மோட்டார். எட்டுக்குச் சல்லடையில் நாலு முழ வேட்டி ஒன்று விரிந்து அடைத்துக்கொண்டது. நான் ஒரு முனையை இழுக்கிறேன், வரவில்லை. ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு வாரியை எடுத்தார். இரண்டு பேரும் இழுத்தோம். வேட்டி வந்தது, பின்னாலேயே ஒரு மூட்டைத் துணி வந்தது. அவர் சட்டை வயிறு வரைக்கும் நனைந்துபோனது.

“கோல் பாக்கணும் ஐயா, நேரமாச்சு” என்றேன்.

அவர் டார்ச் அடித்தார். இந்த முறை அவரே வாய்விட்டு, “முந்நூத்தி நாப்பத்தெட்டு” என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். “மறுபடி பாருங்க” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கண்ணாடியில் தெறித்திருந்ததைத் துடைத்து, மறுபடி பார்த்தார். “நாப்பத்தொம்பது.”

“ம்” என்றேன்.

கால் மணி நேரத்தில் சிவப்புக் கோடு முழுகியது. பக்கத்துக் குழாயில் தண்ணீர் புகுகிற சத்தம் எனக்குப் பழகிய சத்தம். அவருக்குப் புதுசு. வெளியே போனார், நானும் பின்னால் போனேன். வாய்க்காலில் குளிப்பாட்ட இறக்கிய எருமையை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மேலேற்றிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஏத்திட்டீங்க?” என்றார் ஐயா.

“எண்ணெய் வருதுல்லங்க. எங்களுக்குக் காலண்டரே வேணாம். வாய்க்கால்ல எண்ணெய் மிதந்தா அன்னைக்குச் சனிக்கிழமை. ஆபீசரு புதுசா?”

“பழசுதான்” என்றார் ஐயா.

உள்ளே வந்து ரெஜிஸ்டரை எடுத்தார். எட்டே கால் என்று எழுதி, அந்தக் கட்டத்தைத் தன் பேனாவாலேயே கறுப்பாக அடைத்தார், நான் அடைக்கிற மாதிரியே, மூலை விடாமல். கீழே கையெழுத்துப் போட்டார்.

“ஒரு சனிக்கிழமை போதாது. தற்செயல்னு சொல்லிடுவாங்க. மதிப்பீடு போறதுக்குள்ள இன்னும் மூணு சனிக்கிழமை இருக்கு” என்றார்.

மூன்றுக்கும் வந்தார். அதில் ஒரு சனிக்கிழமை அவர் மச்சினன் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் பட்டுவேட்டியோடு ஏழு மணிக்கு வந்து நின்றார். சந்தனம் காயவில்லை.

மறுபடி கூட்டம். நாலு சனிக்கிழமை, நாலு கையெழுத்து, பதினொரு கறுப்புக் கட்டம். கம்பெனிக்காரர் ஒருவர், “வந்துட்டுப் போறவங்களை மக்கள்தொகையில சேர்க்க முடியாது சார், அவங்க இந்த ஊர்க்காரங்க இல்ல” என்றார்.

ஐயா எழுந்தார். “குளிச்சவங்க வெளியூரு. தண்ணி உள்ளூரு” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பெரிய இன்ஜினீயர் வெகுநேரம் ரெஜிஸ்டரைப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் நின்ற என்னைப் பார்த்து, “அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க” என்றார். நான் உட்காரவில்லை. முடிவு தெரியட்டும் என்று நின்றேன்.

சனிக்கிழமைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வாரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நிலையத்துக்கு விட இரண்டு தொட்டி வேண்டும் என்று ஐயா எழுதிக் கேட்டிருந்தார். ஒன்றுதான் கிடைத்தது. ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். பாதி ஜெயித்தோம். திறப்பு விழாக் கல்லில் எட்டுப் பெயர் இருக்கிறது. ஐயா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. போகட்டும். அந்தத் தொட்டி வந்த பிறகு ஏழு வருஷம் என் ரெஜிஸ்டரில் ஒரு கட்டம்கூடக் கறுப்பாகவில்லை. வாய்க்காலில் எங்கள் ஊர்க்காரர்கள் சனிக்கிழமை எது என்று காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கல்வெட்டை விட எனக்கு அது பெரிது.

ஐயா எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். நான் போவதற்கு முந்தின வருஷம் இரண்டு கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் போனேன். ஊர் மறுபடி வளர்ந்துவிட்டது. லாட்ஜ் பெருத்துவிட்டது. கேட்டிருந்த இரண்டாவது தொட்டி கேட்டபடியே காகிதத்தில் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் புதிதாக வந்த இளநிலைப் பொறியாளர், ஜே.இ. பெண், என் வீட்டுக்கு வந்தாள். அழகாகப் பேசினாள். நிலையத்தை விரிவாக்கப் போகிறார்களாம், அடுத்த முப்பது வருஷத்துக்கு. கிணற்றில் இப்போது கருவி இருக்கிறது, யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, எண் தானாக ஆபீஸ் திரையில் வந்து விழுகிறது.

“உங்க பழைய நோட்டெல்லாம் குடுத்தீங்கன்னா அப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பாக்கலாம் பாட்டி” என்றாள். நோட்டு என்று அவள் சொன்னது என் ரெஜிஸ்டர்களை; ஆபீஸில் எடைக்குப் போடவிருந்தவற்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

“குடுக்கலாம். உன் கணக்கைக் காட்டு” என்றேன்.

கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையைத் திருப்பிக் காட்டினாள். மாதத்துக்கு ஒரு எண். அவ்வளவுதான்.

“இதுல சனிக்கிழமை எங்கேம்மா?”

“எல்லா நாளும் சேர்ந்துதான் பாட்டி இது. சராசரி.”

முன்பு சனிக்கிழமையை அளக்காமல் விட்டார்கள். இப்போது அளந்து, மற்ற ஆறு நாளில் கரைத்துவிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் எங்கள் வாய்க்காலும் சுத்தமாகத்தான் இருக்கும். எருமைக்குத் தெரியும் அது சுத்தமா இல்லையா என்று.

அவளிடம் நோட்டுகளைக் கொடுக்கவில்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. தரமாட்டேன் என்று சொல்லவில்லை, தருகிற இடத்தைச் சொல்லியிருக்கிறேன். பெரிய ஆபீசர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழைய பம்ப் ஹவுஸ் கேட்டுக்கு வாருங்கள். நோட்டுகளை நானே எடுத்துக்கொண்டு வருவேன். எனக்கு நாற்காலி போட வேண்டாம். நீங்கள் கோலைப் பாருங்கள், நானும் பார்க்கிறேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நோட்டு உங்களுடையது.

பேனா மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பார்த்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.